ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து படித்த நாவல்

நாவல் எழுதி அடி வாங்கியவர்கள் உண்டு. நாவல் படித்து அடி வாங்கியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் எந்த நாவலைப் படித்தேனோ அந்த நாவலாலேயே, உச்சந்தலையில், எண்ணூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்த ஒரு பெண்மணியின் கையால் வாங்கினேன். நல்லவேளை, மெல்லிசு அட்டைப் பதிப்பு. (கெட்டி அட்டை விலை ஜாஸ்தி என்று வாங்காமல் விட்டிருந்தேன். என் கஞ்சத்தனத்தை நானே மெச்சிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்திருந்தேன், ஒரே ஒரு பேப்பரைத் தவிர. ஆங்கில இலக்கியத்தின் மேல் காதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலேஜ் சேரும்போது வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் பி.காம். கடைசி சீட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தது எனக்குக் கிடைத்தது. காசிமேட்டில் எங்கள் சந்தில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவன் என்பதால், அரியர் இருப்பதைக்கூட ஏதோ கூடுதல் படிப்பு என்றுதான் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த அரியர் பேப்பரில்தான் இந்த நாவல் உட்கார்ந்திருந்தது. இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் எழுதியது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். கதை இதுதான். ஒரு கப்பல் உடைந்து பதினாலு பேர் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அந்தத் தீவின் ராஜா தினமும் காலையில் எழுந்து ஒரு பதில் சொல்வார். அந்தப் பதிலுக்குப் பொருத்தமான கேள்வியை மந்திரிகள் சாயங்காலத்துக்குள் தேடிப்பிடிக்க வேண்டும். தீவை விட்டுப் போக வேண்டுமென்றால் துறைமுக அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதிகாரி செத்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. புது ஆளைப் போடலாம்தான். ஆனால் பழைய அதிகாரி ‘நான் செத்துவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நாற்காலி காலி என்று ஒப்புக்கொள்வார்கள். அவர் கொடுக்கிற வரைக்கும் பதினாலு பேரும் கடற்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பரீட்சையில், ‘இந்நாவலில் உள்ள நையாண்டியை விளக்குக’ என்று கேட்டிருந்தார்கள். ‘இதெல்லாம் உலகத்தில் எங்கேயும் நடக்காது, ஆகவே இது நல்ல நாவல் கிடையாது’ என்று நாலு பக்கத்துக்கு விளாசி எழுதினேன். திருத்தியவர் நாலு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சுழி போட்டிருந்தார்.

இந்த லட்சணத்தில் ஏப்ரல் மாதம் வந்தது. ஏப்ரல் பாதியில் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. போனால் படகைப் பிடித்துக்கொள்வார்கள், லைசன்ஸ் போய்விடும். அதனால் எல்லாப் படகும் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆட்கள் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுவார்கள், படகைச் சுரண்டி பெயிண்ட் அடிப்பார்கள். என் தாய்மாமா எத்திராஜுக்கும் ஒரு விசைப்படகு உண்டு. அதை வைத்துத்தான் அவர் குடும்பம், என் அம்மா, நான், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். (நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக.)

மாமாவின் வலைக் கொட்டகையில் தினமும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பின்னுவார்கள். கண்ணும் கையும் வலையிலேயே இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம். ஒருத்தன் கவிழ்த்துப்போட்ட ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அன்றைய பேப்பரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அரசியல், விபத்து, மாதவரத்தில் லாரி கவிழ்ந்தது, கல்யாண விளம்பரம், ஒன்று விடாமல். படித்த பிள்ளை என்ற முறையில் அந்த வேலை எனக்கு வந்தது. பெட்டிக்கு என்று சட்டமும் உண்டு. அதன் மேல் உட்கார்ந்தால் பேப்பரில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை நடுவில் நான் என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லப்போக, வலைக்காரர்களில் மூத்தவரான நாகூரண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“நைனா, அது நீ சொல்றதா, பேப்பர் சொல்றதா?”

“நான் சொல்றதுதாண்ணே.”

“அப்ப எறங்கி நின்னு சொல்லு. பொட்டி மேல குந்திக்கினு சொன்னா சேதி. கீழ நின்னு சொன்னா அது உன் பேச்சு.”

பேப்பர் எட்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். முடிந்ததும் மாமா என் கையில் சுரண்டியைக் கொடுத்து, படகின் அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டச் சொல்வார். ஒரு நாள் சுரண்டினேன். மறுநாள் சோறு பிசைய விரல் மடங்கவில்லை. மூன்றாம் நாள் என் இலக்கிய மூளை வேலை செய்தது. நாவலைப் பேப்பருக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, பேப்பர் முடிந்த இடத்திலிருந்து அப்படியே அதே குரலில் நாவலைத் தமிழில் படிக்க ஆரம்பித்துவிட்டேன். சிப்பியிலிருந்தும் தப்பிக்கலாம், அரியருக்கும் படித்த மாதிரி ஆச்சு என்று கணக்குப் போட்டேன். எப்படியும் ராஜா வந்ததும் கதை என்று புரிந்து சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

ராஜா வந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“காலைல பதிலு, சாயந்தரம் கேள்வி” என்று நாகூரண்ணன் யோசனையாகத் தலையாட்டினார். “எங்க வூட்லயும் அதேதான். ‘முடியாது’ன்னு சொல்லிக்கினேதான் என் பொண்டாட்டி காலைல எந்திரிக்கறா. நான் இன்னா கேட்டேன்னு சாயந்தரந்தான் எனக்கே தெரியும்.”

செத்துப்போன அதிகாரியின் கையெழுத்துக்கு அதைவிட வரவேற்பு. “கரீட்டு” என்றார் ஒருத்தர். “எங்க நைனா செத்தப்ப ரேசன் கார்டுல அவரு பேர எடுக்கறதுக்கு ஒரு ஆபீசுக்குப் போனேன். ‘அவர நேர்ல வரச் சொல்லு’ன்னுட்டாங்கோ.” உடனே கொட்டகையில் ஆளுக்கொரு ஆபீஸ் கதை கிளம்பி, என்னைப் படிக்கவே விடவில்லை. எந்த நாவலை நடக்கவே நடக்காது என்று நான் நாலு பக்கம் திட்டினேனோ, அது அவர்களுக்கெல்லாம் போன வாரம் நடந்திருந்தது.

அடுத்த சிக்கல் பெயர்கள். பதினாலு பேருக்கும் வெள்ளைக்காரப் பெயர். ஒவ்வொன்றைச் சொல்லி முடிக்கவும் எனக்கு மூச்சு வாங்கியது, கேட்பவர்களுக்கோ யார் யாரென்றே பிடிபடவில்லை. அதனால் மறுநாள் கப்பல் சமையல்காரனுக்கு ஏழுமலை என்று பெயர் வைத்தேன். ஏழுமலை என்று வைத்தபின் அவனுக்கு ஓர் ஊர் வேண்டாமா? எண்ணூர் என்றேன்.

“நம்ம எண்ணூரா?”

“நம்ம எண்ணூர்தான்.”

பன்னிரண்டு ஊசியும் ஒரே நேரத்தில் நின்றன.

“எந்தப் பக்கம் கீது அந்தத் தீவு?” என்று கேட்டார் மாமா. அதுவரை படகு மேல் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் இறங்கியே வந்துவிட்டார்.

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மறுக்கவில்லை. வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் பிறந்ததிலிருந்து நான் பேசியதைக் கேட்க யாரும் கை வேலையை நிறுத்தியது கிடையாது. என் அம்மாகூட மீனை அரிந்துகொண்டேதான் கேட்பாள். இங்கே பன்னிரண்டு பேர், கூடவே கையில் பிரஷ்ஷோடு எத்திராஜ் மாமா, என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திறந்த வாய்க்கு ஏதாவது செய்தாக வேண்டுமே.

“அந்தமானுக்கு இந்தப் பக்கம்” என்றேன்.

மாமாவுக்குக் காலை நாஸ்தா கொண்டுவருவது அவர் மகள் கௌரி. காலேஜில் ரெண்டாவது வருஷம் கணக்கு படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குப் பின்னால் வந்து நின்றவள், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பேப்பருக்குள் புஸ்தகம் இருப்பதைப் பார்த்துவிட்டாள். ‘மாட்டினேன்’ என்று நினைத்தேன். அவள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, முகத்தை ரொம்ப வருத்தமாக வைத்துக்கொண்டு, “பாபு மாமா, பாவம் அந்த ஏழுமலை, சாப்பாட்டுக்கு இன்னா பண்றாராம்?” என்று என்னைக் கேட்டாள். அவள் அப்பாவும் “அதானே, இன்னா பண்றான்?” என்றார். அதன்பின் தினமும் வந்தாள். நடுநடுவே ஒரு கேள்வி கேட்டு என்னைப் பள்ளத்தில் இன்னும் ரெண்டடி இறக்கிவிட்டுப் போவாள்.

அந்த வாரக் கடைசியில் கொட்டகை மூலையில் ஒரு மூட்டை அரிசி வந்து உட்கார்ந்தது. அடுத்து ஒரு கூடை கருவாடு. தேங்காயெண்ணெய், பீடிக்கட்டு, பதினாலு லுங்கி. “கேப்டனுக்கு மட்டும் கட்டம் போடாத லுங்கி எட்தாந்தேன். பெரிய மனுசன்” என்றார் நாகூரண்ணன். அந்தமான் போகிற கப்பல் எதிலாவது இதையெல்லாம் ஏற்றிவிட்டு, போகிற வழியில் தீவில் இறக்கச் சொல்லலாம் என்பது திட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளைத் தள்ளினேன். இந்த இடைவெளியில் செய்தி ராயபுரம் தாண்டி, தண்டையார்பேட்டை தாண்டி, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போய்ச் சேர்ந்தது. வடசென்னையில் பஸ் லேட்டாக வரும், செய்தி லேட்டாக வராது.

திங்கட்கிழமை காலை. நான் பெட்டி மேல் உட்கார்ந்து பேப்பரை விரிக்கிறேன். கொட்டகை வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கி வந்தாள். கண் ரெண்டும் வீங்கியிருந்தது.

“ஏழுமல சேதி படிக்கறது யாருபா?”

பன்னிரண்டு கை என்னைக் காட்டின.

“நான் எண்ணூரு. கன்னியம்மா. மார்க்கெட்டுல மீனு விக்கறேன். ஏழுமல என் வூட்டுக்காரரு” என்றாள். “கப்பல்ல கீறாரு. மூணு வாரமா போன் இல்ல. மார்க்கெட்டுல எல்லாம் சொல்லிக்கினாங்கோ, கப்பலு ஒடஞ்சி தீவுல மாட்டிக்கினாருன்னு…” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே வலை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழுமலை என்ற பெயரில் எண்ணூரில் நிஜமாகவே ஆள் இருப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டால் பாதி எண்ணூர் திரும்பிப் பார்க்குமே! அதில் ஒருத்தர் கப்பலில் இருக்கமாட்டாரா? பி.ஏ. படித்த மூளை. சிப்பி சுரண்டக்கூட லாயக்கில்லாத மூளை.

“சமையல்காரருன்னு சொல்றாங்களேபா” என்று கன்னியம்மா மறுபடி அழுதாள். “அவரு இன்ஜின் ரூமு. சுடுதண்ணி வெக்கத் தெரியாது அந்த மனுசனுக்கு. அவரப் போயி சமைக்கச் சொல்றாங்களா அந்தத் தீவுல? கை கால சுட்டுக்குவாரே!”

வேடிக்கையாக எழுதிக்கொண்டிருக்கிறேனே தவிர, அன்றைக்கு அந்தம்மா முகத்தைப் பார்த்தபோது எங்காவது ஓடிப்போய்விடலாமா என்றுதான் இருந்தது. ஓடுவதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருக்கும்போது அவர் படகு இன்ஜின் நின்று, ஒன்பது நாள் நடுக்கடலில் அலைந்தார். கடைசியில் பெயர்கூடத் தெரியாத ஒரு தெலுங்குக்காரர் தன் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தார். அதிலிருந்து கடலில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் மாமாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

“அளுவாதம்மா” என்றார். “டேய், ஐஸ் ஏத்துங்க, டீசல் ஏத்துங்க. அந்த அரிசி, கருவாடு எல்லாத்தையும் போட்டுல போடுங்க. மத்தியானம் கெளம்பறேன்.”

“அண்ணாத்தே, தடைக்காலம்” என்றார் நாகூரண்ணன். “போட்டப் புட்ச்சிடுவாங்கோ. லைசன்சு பூடும்.”

“போவட்டும். அன்னிக்கி அந்த ஆளு லைசன்சப் பாத்துக்கினு இருந்தா நான் இன்னிக்கி ஏது?”

நாலு பேர் எழுந்து மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். படகு போனால் எங்கள் குடும்பமே தெருவில். அதைவிட, இல்லாத தீவைத் தேடி மாமா கடலில் எத்தனை நாள் சுற்றுவார்? கிடைக்கிற வரைக்கும் தேடுகிற ஆள் அவர். கிடைக்கவே கிடைக்காதே! நான் பெட்டியிலிருந்து குதித்து இறங்கி, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

“மாமா, போவாதீங்க! தீவே கெடையாது! அது கத! நான் கதையப் படிச்சேன்!”

நாகூரண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ இப்ப எங்க நிக்கற?”

“தரையில.”

“அப்ப அது உன் பேச்சு. பொட்டி மேல சொன்னதுதான் சேதி.”

பாய்ந்து பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தேன். “அது கதண்ணே!”

“கைல பேப்பர் எங்க? பேப்பர் இல்லாம வாய்க்கி வந்தத சொல்றதுக்கா பொட்டி?”

பேப்பரை எடுத்து விரித்து, நாவலை உருவி எல்லோருக்கும் காட்டினேன். “பாருங்க, புஸ்தகம். நாவல். வெள்ளைக்காரன் எழுதினது.” புஸ்தகம் கை மாறிக் கை மாறிப் போனது. “பேப்பர்ல கொஞ்சமா போட்டுட்டு, மேட்டர் பெருசுன்னு தனியா புக்கே அட்ச்சிகிறான் பாரேன்” என்றார் ஒருத்தர். அதற்குள் இன்னொருத்தருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. “அப்ப போன வாரம் டீசல் வெல ஏறிச்சின்னு படிச்சியே, அதுவும் கதையா?” “இல்லண்ணே, அது நெஜம்.” “இன்னாபா, கெட்டதெல்லாம் நெஜம், ஆளக் காப்பாத்தப் போறப்ப மட்டும் கதையா?”

“இவன யாரோ மெரட்டிகீறாங்கோ” என்று தீர்ப்புச் சொன்னார் நாகூரண்ணன். “கப்பல் கம்பெனிக்காரனாத்தான் இருக்கும். நேத்திலேந்து மொகம் செத்துக் கெடக்குது, சோறு துன்னல.” உடனே எல்லோரும் என்னைப் பாசத்தோடு பார்த்தார்கள். ஒருத்தர் முதுகைத் தட்டிக் கொடுத்து, “பயப்படாத மாமு, நாங்க கீறோம்” என்றார். உண்மையைச் சொன்னதற்காக என்னைப் பாதுகாக்க ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். ஐஸ் படகில் ஏற ஆரம்பித்தது.

அப்போதுதான் கௌரி தூக்குச்சட்டியோடு வந்தாள். அழுதுகொண்டிருந்த கன்னியம்மாவைப் பார்த்தாள், ஐஸைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முகத்திலிருந்த குறும்பு போய்விட்டது. என் பக்கத்தில் வந்து மெதுவாக, “இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல” என்றாள்.

“நீயாவது சொல்லேன்!”

“நான் சொன்னா மட்டும் நம்புவாங்களா? அந்த மீன் மார்க்கெட்டு வர்ற எடத்தப் படி.”

(அப்புறம்தான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள் என் நாவலை உட்கார்ந்து முழுசாகப் படித்திருக்கிறாள். அரியர் இருந்த நான் பாதியைக்கூடத் தாண்டவில்லை.)

“அப்பா, கெளம்பறதுக்கு முன்னால இன்னிக்கி சேதியக் கேட்டுட்டுப் போ” என்று உரக்கச் சொல்லி, புஸ்தகத்தை வாங்கிப் பக்கத்தைப் புரட்டி என் கையில் கொடுத்தாள். நான் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தேன். பேப்பரை வெளியே, புஸ்தகத்தை உள்ளே வைத்துக்கொண்டேன்.

“அந்தத் தீவின் மீன் சந்தையில் சத்தமே கிடையாது” என்று படித்தேன்.

கன்னியம்மா தலையைத் தூக்கினாள்.

“விற்கிற பெண்கள், ‘இந்த மீனுக்கு இவ்வளவு விலை அநியாயம், தயவுசெய்து குறைத்துக் கொடுங்கள்’ என்று கெஞ்சுவார்கள். வாங்குகிறவர்கள், ‘முடியவே முடியாது, ஏற்றித்தான் கொடுப்போம்’ என்பார்கள். நேற்றைய மீனை நேற்றைய மீன் என்றே சொல்லி, தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். ஏலத்தில் கடைசியாக யார் கேட்டது என்று இதுவரை சண்டையே வந்ததில்லை.”

“இரு, இரு” என்றாள் கன்னியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். “இன்னா சொன்ன? விக்கறவ வெலய கொறைப்பாளா?”

“ஆமாங்க.”

“வாங்கறவன் ஏத்துவானா?”

“ஆமாங்க.”

“நேத்து மீன நேத்து மீனுன்னு அவ வாயாலயே சொல்லுவாளா?”

“அப்டித்தான் போட்டிருக்கு.”

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி நின்ற ஆண்களை ஒரு பார்வை பார்த்தாள். “எந்த ஊர்லய்யா நடக்கும் இது? இருபது வருசமா மீனு விக்கறேன். இத்தப் போயி சேதின்னு கேட்டுக்கினு, கெளம்பறானுங்க பாரு லுங்கி தூக்கிக்கினு! இது கதய்யா! சுத்தமான பீலா!”

கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. நாகூரண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டார். “ராஜா சரி. ஆபீசு சரி. ஏலத்துல சண்ட இல்லன்னா… எங்கியோ இடிக்குதே” என்றார். இன்னொருத்தர் தலையாட்டினார். மாமா டீசல் கேனைக் கீழே வைத்தார். அது தரையைத் தொட்ட சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அடுத்த சத்தம் என் தலையில் கேட்டது. கன்னியம்மா என் கையிலிருந்த நாவலைப் பிடுங்கி, உச்சியில் ஓங்கி ஒன்று போட்டாள்.

“அப்ப என் வூட்டுக்காரரு சாவல! தீவுலயும் இல்ல! பேமானி, மூணு நாளா பச்சத் தண்ணி குடிக்காம அளுதுக்கினு கீறேண்டா!” என்று இன்னொன்று போட்டாள். மூன்றாவது போடக் கை ஓங்கியவள் அப்படியே நிறுத்தி, சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கௌரி அவளை உட்கார வைத்து, தன் அப்பாவுக்குக் கொண்டுவந்த இட்லியைப் பிரித்துக் கொடுத்தாள். ஆறு இட்லி சாப்பிட்டாள் அந்தம்மா. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “வெலய கொறைப்பாளாமே!” என்றாள். நான் தலையைத் தடவிக்கொண்டே அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். “எந்திரி, எந்திரி. படிச்ச புள்ள” என்றாள். அதைவிடப் பெரிய அடி அன்றைக்கு விழவில்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. சுரண்டியை எடுத்து நீட்டினார். தடைக்காலம் முடிகிற வரைக்கும், எங்கள் படகு மட்டுமில்லாமல் பக்கத்துப் படகு ரெண்டுக்கும் சேர்த்து சிப்பி சுரண்டினேன். அரிசி, கருவாடு, லுங்கி எல்லாவற்றையும் கன்னியம்மா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். (“பேஜார் ஆனதுக்கு இதாவது வோணாமா?”) நாலாம் நாள் நிஜ ஏழுமலையிடமிருந்து கன்னியம்மாவுக்குப் போன் வந்தது. அவருடைய போன் இன்ஜின் ரூம் எண்ணெயில் விழுந்துவிட்டதாம். ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்தவர் நேராகக் கொட்டகைக்கு வந்தார். ஆறடி உயரம், கட்டம் போடாத லுங்கி. என் முன்னால் வந்து நின்று, “நான்தான் ஏழுமல. உயிரோட கீறேன். போட்டுக்கோ பேப்பர்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரியர் பேப்பரை மறுபடி எழுதினேன். அதே கேள்வி வந்திருந்தது. இந்தத் தடவை நாகூரண்ணன் சொன்னது, ஆபீசுக்குப் போனவர் சொன்னது, கன்னியம்மா சொன்னது மூன்றையும் அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். பாஸ் பண்ணிவிட்டேன். அந்த வெள்ளைக்காரர் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரைக் கிண்டல் பண்ணினார் என்பது என் பேராசிரியர்களுக்கு முன்பே வலைக் கொட்டகைக்குத் தெரிந்திருந்தது. கிண்டல் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

கொட்டகையில் புதுச் சட்டம் வந்தது. நான் பேப்பர் படித்தால் பின்னால் ஒருத்தர் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கௌரியைப் போட்டார்கள். அந்த வருஷம், அதற்கடுத்த வருஷம், அதற்கும் அடுத்த வருஷம் என்று பின்னால் நின்றாள். அப்புறம் கல்யாணமே பண்ணி வைத்துவிட்டார்கள். தாலி கட்டியதும் மேடையில் மைக்கைக் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “ரொம்ப சந்தோஷமா இருக்கு” என்றேன். முன்வரிசையிலிருந்து நாகூரண்ணன், “மெய்யாலுமா கௌரி?” என்று கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் கூட்டம் கை தட்டியது.

எங்களுக்குப் பெண் பிறந்த அன்று மாமா கடலுக்குப் போயிருந்தார். துறைமுகத்துக்குள் படகு நுழைந்து சிக்னல் கிடைத்ததும் போன் பண்ணினார். நான் ராயபுரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

“மாமா, பொண்ணு பொறந்திருக்கு. கௌரி நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

அந்தப் பக்கம் இன்ஜினைக் குறைக்கச் சொல்லி யாரிடமோ கத்தினார்.

“பக்கத்துல நர்சம்மா யாராச்சும் கீறாங்களா?” என்றார்.

“இருக்காங்க மாமா.”

“போன அவங்க கையில குடு.”

கொடுத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க ஐயா, பொண்ணுதான், மூணு கிலோ, ரெண்டு பேரும் சௌக்கியம்” என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்கள்.

“இப்பவாவது நம்பறீங்களா மாமா?”

“நம்பறேன்டா, நம்பறேன்” என்றார். குரல் உடைந்திருந்தது, அழுகிறார் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: “இன்னொரு நர்சு இருந்தா அவங்களாண்டயும் கொஞ்சம் குடேன்.”